கனவுக்கு வசனகர்த்தா வேண்டாம்

கனவைப் பற்றி இந்த ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். மயிலாப்பூரில் அது ரிஷிகள் என்றைக்கோ கண்டு முடித்துவிட்ட சமாசாரம். தி. நகரில் அது சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பில் கட்டணத்துக்குக் கற்றுத்தரப்படும் வித்தை. இவ்விருவரையும் பார்த்துச் சிரிக்கிற நம் கவிஞர்களிடமோ, எழுதியவருக்கே பிடிபடாத நான்கு வரிகளின் மேல் ஒட்டப்படும் லேபிள். மூன்று இடங்களிலும் பேச்சுக்குக் குறைவில்லை. நேற்று ராத்திரி என்ன கண்டீர்கள், எது முதலில் வந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று கேட்டால் மட்டும் மூன்று இடங்களிலும் முகம் சுளிக்கிறார்கள்.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், அறுபது வயதைத் தாண்டியபின் கனவுக்குள் விழித்திருக்கப் பழக முயலும் ஒரு சிலர். நானும் அவர்களில் ஒருவன். உத்தியோகம் முடிந்துவிட்டது, பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள், கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை, இரவு நீண்டுவிட்டது. கனவு கண்டுகொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்திருக்க முடியுமாம், வயதான பிறகும் பழகலாமாம் என்று எங்கோ படித்துவிட்டு இவர்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் கையில் இந்த ஊர் ஒரு செங்கோலைக் கொடுக்கிறது. கனவு உங்கள் ராஜ்யம், நீங்கள் ஆளலாம் என்கிறது. இறந்துபோன மனைவியை வரவழைத்துப் பேசலாம் என்கிறது. இது கொடுமை என்பது என் கட்சி. கனவில் விழிப்பது சாத்தியம், கிழவர்களுக்கும் சாத்தியம். ஆனால் அங்கே போய் அதிகாரம் பண்ணுகிறவனுக்குக் கிடைப்பது அவன் குரலின் எதிரொலிதான். அதை இறந்தவரின் குரல் என்று நம்பி அவன் மிச்ச நாளைக் கழிப்பான்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தெளிகனவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயார். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் ஃப்ரெடரிக் வான் ஏடன் என்ற டச்சுக்காரர். மனநோய் மருத்துவர், கவிஞர், நாவலாசிரியர், தாகூரை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவர். 1860-ல் பிறந்த இவர் 1896-ல் கனவுக் குறிப்பு எழுத ஆரம்பித்தபோது வயது முப்பத்தாறு. 1898 ஜனவரியிலிருந்து 1912 டிசம்பர் வரை 352 தெளிகனவுகளைக் குறித்து வைத்தார். கண்டதை முதலில் ஒரு நாவலாக எழுதி 1909-ல் வெளியிட்டார். பிறகு 1913-ல் லண்டன் சைக்கிகல் ரிசர்ச் சொசைட்டியில் கட்டுரையாக வைத்தார். அதே ஆண்டில்தான் தன் மகன் பாலைப் பறிகொடுத்து, அவனுடைய மரணத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார்.

அவருக்கு முன்னால் பாரிஸில் எர்வே த சேன்-தெனி. பதின்மூன்று வயதிலிருந்து கனவுகளை எழுதியும் வரைந்தும் வைத்தவர். 1867-ல் கனவுகளையும் அவற்றைச் செலுத்தும் வழிகளையும் பற்றி ஒரு புத்தகத்தைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். உத்தியோகத்தில் சீன மொழி அறிஞர். தாங் காலத்துக் கவிதைகளை 1862-ல் பிரெஞ்சில் தந்தவர். இந்தத் துறையின் முன்னோடிகள் இருவரும் பிறமொழிக் கவிதையை மொழிபெயர்த்தவர்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இன்னொருவன் சொன்னதற்குக் காது கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். மொழிபெயர்ப்பாளன் மூலத்தை ஆள முடியாது.

வான் ஏடனின் கட்டுரையில் ஒரு ஒயின் கிளாஸ் வருகிறது. கனவில் இருக்கிறோம் என்று தெரிந்த அவர், சோதித்துப் பார்க்க அந்தக் கிளாஸை ஓங்கிக் குத்துகிறார். உடையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது, மேடையில் தன் முறையைத் தவறவிட்டு ஒரு கணம் தாமதமாக வந்து சேரும் நடிகனைப் போல. எனக்கு அந்த முழுக் கட்டுரையிலும் முக்கியமானது இந்தத் தாமதம்தான். குத்தியவன் அவன், உடையும் நேரம் அவன் கையில் இல்லை. கனவு அவனுக்குக் கட்டுப்பட்டதா? ஓரளவு. அவனுடையதா? இல்லை.

இதெல்லாம் கவிஞர்கள் சொல்வது, ஆதாரம் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தைப் பற்றி 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் எழுதினார்கள். துலக்கமான கனவுகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் வருகிறது. அப்போது கை கால்களின் தசைகள் செயலற்றுப்போகின்றன. கண்கள் விதிவிலக்கு. ஆகவே கனவுக்குள் விழித்தவன் வெளியே செய்தி அனுப்ப வேண்டுமானால் கண்ணால் அனுப்ப முடியும். 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்து, முன்பே பேசிவைத்தபடி இடமும் வலமுமாக அவர் கண்ணை அசைத்ததைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில், அதைப் பற்றித் தெரியாமலே, ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜ் இதே காரியத்தைத் தன் மேலேயே செய்து காட்டினார். 2021-ல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள், 36 பேரை வைத்து, தூங்குகிறவர்களிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். கனவுக்குள்ளிருந்து சிலர் சரியான விடையைக் கண் அசைவால் திருப்பி அனுப்பினார்கள். பெரும்பாலான முறை பதிலே வரவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொல்கிறது. வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் பாதியை மட்டும் போர்டில் எழுதிப்போடுகிறார்கள்.

இனி வயதானவன் கதை. தெளிகனவு இளமையில் அதிகம், வயது ஏற ஏறக் குறைகிறது. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 55 சதவீதம் பேர் ஆயுளில் ஒரு முறையாவது கண்டிருக்கிறார்கள். பலருக்கு அது சிறு வயதில் தானாக வந்து போனது. கிழவனுக்குத் தூக்கம் மெலிகிறது, கண்ணசையும் தூக்கத்தின் பங்கு கொஞ்சம் சுருங்குகிறது, காலையில் ஞாபகம் இருக்கும் கனவும் குறைகிறது. ஆகவே இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. ஆனால் அவர்கள் மறந்துவிடும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, விடியற்காலை. கண்ணசையும் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் நீளுகிறது. ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, அப்போது கண்ட கனவை நினைவுபடுத்திக்கொண்டு, அடுத்த கனவில் அது கனவென்று அறிய வேண்டும் என்ற எண்ணத்தோடு மறுபடி தூங்குவதுதான் லாபெர்ஜ் சொல்லும் முறையின் சாரம். இளைஞர்கள் இதற்கு அலாரம் வைக்க வேண்டும். அறுபத்தேழு வயதுக்காரனை மூத்திரப் பை மூன்றரை மணிக்கு எழுப்பிவிடுகிறது. நாற்பது வருஷமாக மார்கழியில் மாடவீதி பஜனைக்கு எழுந்து பழகியவனுக்கு அந்த நேரத்து மௌனமும் தெரிந்ததுதான். மாத்திரை போட்டு அழுத்திவிடப் பார்க்கும் அந்த அரை மணி நேரம் அவனுடைய மூலதனம். (தூக்கமே வராமல் அவதிப்படுகிறவன் இதில் இறங்கக் கூடாது. இருக்கிற தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வாங்கும் கனவு கந்துவட்டிக்கு வாங்கும் கடன்.)

இரண்டு, மறுவாசிப்பு. கனவா நனவா என்று சோதிக்கப் பல உபாயங்கள் சொல்கிறார்கள். அவற்றில் நம்பகமானது எழுத்தை இரண்டு முறை படிப்பது. பஸ்ஸின் போர்டையோ பேப்பரின் தலைப்பையோ ஒரு முறை படித்து, கண்ணை எடுத்து, மீண்டும் படிக்க வேண்டும். நனவில் எழுத்து அப்படியே நிற்கும். கனவில் பெரும்பாலும் மாறிவிடும். பகலில் பழக்கமாகிவிட்டது கனவிலும் தொடரும் என்பதுதான் கணக்கு. ஒரு வரிக்குத் திரும்பிப் போகிற பழக்கம் உள்ளவன் கனவில் விழிக்கிறான். ஆயுள் முழுக்க ஒரு முறைக்கு மேல் எதையும் படிக்காதவன் கஷ்டப்படுவான்.

மூன்றாவதுதான் முக்கியம், நான் எழுத வந்ததும் அதற்காகத்தான். கனவுக் குறிப்பு எழுதிவந்தால், ஒருவனுடைய கனவுகளில் திரும்பத் திரும்ப வரும், நனவில் நடக்க முடியாத சங்கதிகள் பிடிபடும். அவற்றை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இருபது வயதுக்காரனுக்கு அது பறப்பது, பல் விழுவது, எழுதாத பரீட்சை. என் நோட்டுப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருக்கிறது. 2008-ல் மூடி, 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்காவைத் திறந்துவிட்டார்கள். அங்கே மரத்தடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்றால் நான் கனவில் இருக்கிறேன் என்று அர்த்தம். அதைவிட அதிகமாக, இறந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா, இரண்டு நண்பர்கள், அலுவலகத்தில் எதிர் மேஜையில் இருந்த ஒருவர். வயதான எவனுடைய நோட்டிலும் இதுதான் இருக்கும். அவனுக்கு இடப்பட்ட அடையாளம் மரணம்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். இளைஞன் 'மனிதன் பறக்க முடியாது, ஆகவே இது கனவு' என்று விழிக்கிறான், பறந்துகொண்டே சந்தோஷப்படுகிறான். கிழவன் 'இவர் செத்துப்போய்விட்டார், ஆகவே இது கனவு' என்றுதான் விழிக்க முடியும். அதாவது எந்தச் சேதியைக் கனவு கருணையோடு மறைத்துவைத்திருக்கிறதோ, அதைத் தானே ஞாபகப்படுத்திக்கொண்டால்தான் தெளிவு வரும். முதல் தடவை எனக்கு அது நடந்தபோது நண்பர் எதிரே உட்கார்ந்து டபராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் இறந்தவர் என்பது தெரிந்ததும் மரங்கள், காபியின் ஆவி, மேஜையின் ஈரம் எல்லாம் ஒரு படி துலக்கமாயின. கேட்க எனக்கு ஆயிரம் இருந்தன. கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்க குடை நனையறது" என்றார். அவ்வளவுதான். இது எனக்கு எழுத வராத வரி. யோசித்து எழுதியிருந்தால் மன்னிப்பு, பாசம், பிரிவு என்று ஏதோ எழுதியிருப்பேன்.

இப்போது தி. நகருக்கு வரலாம். பனகல் பார்க்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், இந்தப் பெயர் இல்லாவிட்டால் வேறொரு பெயரில் நடக்கும். வந்தவர்களில் பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். பயிற்சியாளர் கொடுத்த வீட்டுப்பாடம் இது: இறந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் என்ன பதில் சொன்னால் உங்கள் மனம் ஆறுமோ அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தினம் படுக்கும் முன் இரண்டையும் படியுங்கள். முன்வரிசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் எழுந்து கேட்டார்: "அவ வேற ஏதாவது சொன்னா என்ன சார் பண்றது?" பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டாப் சொல்லிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க சார். உங்க கனவு, நீங்கதான் டைரக்டர்."

கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த ஒருத்தி வேறு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அந்த மனிதர் பயந்தார். அந்தப் பயத்தில் இன்னும் அவள் இருக்கிறாள். தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிற மனைவியை அவருக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினால், சிதையில் எரிந்தபின் மிஞ்சியிருந்த அவளையும் அவர் இழப்பார். இதற்குப் பெயர் ஆறுதலாம்.

ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். ஒரே துர்க்கனவு திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறவன் அதற்குள் விழித்து, துரத்துகிறவனைத் திரும்பிப் பார்க்கவோ கதவைத் திறந்து வெளியே போகவோ பழகுவது வைத்தியம். மருத்துவர்கள் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியேறுகிறவனை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது தீப்பிடிக்காத வீட்டில் புகுந்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் வாயில் வசனத்தைத் திணிப்பதைப் பற்றி.

அப்படித் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். அடையாறு ஆற்றைத் தாண்டினால் போதும். பிரம்மஞான சபை 1882-ல் அங்கே வந்தது. 1909-ல், சபையின் வளாகத்தையொட்டிக் குடியிருந்த நாராயணய்யாவின் மகன், பதினாலு வயது கிருஷ்ணமூர்த்தியை, லெட்பீட்டர் கடற்கரையில் கண்டெடுத்தார். லெட்பீட்டர் ஏற்கனவே கனவுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். உடல் தூங்கும்போது உயிர் சூட்சும உலகில் போய்ப் படித்துவிட்டு வரும் என்பது அவர் சித்தாந்தம். பையன் இரவில் தூக்கத்தில் குருதேவரிடம் பாடம் கேட்கிறான், காலையில் எழுந்து ஞாபகத்திலிருந்து அதை எழுதுகிறான் என்று அறிவித்தார்கள். அந்தக் குறிப்புகள் 1910 முடிவில் 'குருதேவரின் திருவடிகளில்' என்ற புத்தகமாக, அல்சியோன் என்ற பெயரில் வெளிவந்து, பல மொழிகளில் பரவின. அந்த வாசகங்கள் யாருடையவை, பையனுடையவையா, லெட்பீட்டருடையவையா என்ற சந்தேகம் அன்றைக்கே எழுந்தது. 1912-ல் தகப்பனார் பிள்ளைகளைத் திருப்பித் தரச்சொல்லி அன்னிபெசன்ட் மேல் வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 1914-ல் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது.

1913 என்ற ஆண்டைக் கவனியுங்கள். லண்டனில் ஒருவர், கனவில் கண்ணாடி உடையத் தாமதமானதைக்கூட விடாமல் சொல்கிறார். சென்னையில், கனவிலிருந்து பிழையில்லாத உபதேச நூல் ஒன்றைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட பையன் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் விசாரிக்கிறது. வான் ஏடன் கட்டுரை படித்த அந்த சொசைட்டிதான் 1884-ல் ஹாட்ஜ்சனை அடையாறுக்கு அனுப்பி, அங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு அவை மோசடி என்று அறிக்கை வெளியிட்டது. அது முடிந்த முடிவா என்பது இங்கே என் பிரச்னை இல்லை. கனவு ஒன்றைக் கொண்டுவருகிறவனிடம் நான் முதலில் பார்ப்பது, அதில் கொண்டுவந்தவனுக்கு உபயோகமில்லாத ஏதாவது ஒரு விவரம் இருக்கிறதா என்பதைத்தான். நனைகிற குடை இருக்கிறதா? இல்லையென்றால், யாரோ விழித்திருந்து எழுதியது.

அந்தப் பையன் பின்னால் என்ன ஆனான் என்பது எல்லோருக்கும் தெரியும். 1929-ல் ஹாலந்தின் ஒம்மனில், தனக்காகக் கட்டிய நட்சத்திர சங்கத்தைத் தானே கலைத்தார். சென்னையில் 1986 ஜனவரி வரை பேசினார். பகல் முழுக்க முழுக் கவனத்தோடு இருக்கும் மனத்துக்குக் கனவு தேவைப்படாது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. தூக்கத்தில் பாடம் கேட்டதாகச் சொல்லிப் பிரகடனம் செய்யப்பட்ட ஒருவர் கனவே வேண்டாம் என்ற இடத்துக்குப் போனது எனக்குப் புரிகிறது. ஆனால் அவரை ஒப்புவிப்பவர்கள் சொல்லும்போது அது வெறும் ஆசாரமாகிவிடுகிறது. இவர்கள் கனவை வெறுப்பதற்கு முன்னால் ஒரு கனவையாவது ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் வேறு விதமான தடை. நம்மிடம் எல்லாம் இருக்கிறது என்பது அங்கே வாசற்படி. மாண்டூக்கியம் விழிப்பு, கனவு, உறக்கம், நான்காவது என்று பிரித்துவிட்டது. சைவ சித்தாந்தம் ஐந்தவத்தை என்று இன்னும் ஒன்று கூட்டியது. உண்மைதான். ஆனால் பன்னிரண்டு மந்திரங்களே உள்ள மாண்டூக்கியத்தில் கனவுக்குள் விழிப்பது எப்படி என்று ஒரு வழியும் இல்லை. கௌடபாதர் கனவை எடுத்துக்கொண்டது விழிப்பும் அதைப் போலத்தான் என்று வாதிக்க. பதஞ்சலியின் முதல் பாதத்தில் ஒரு சூத்திரம் கனவறிவைப் பற்றுக்கோடாகக் கொள்ளலாம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. கனவைப் பயிற்சியாகவே செய்தவர்கள் திபெத்தியர்கள். நாரோபாவின் ஆறு யோகங்களில் கனவும் ஒன்று. வரைபடம் வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதற்காக நம்மிடம் ஒன்றுமே இல்லை என்பதும் என் கட்சி அல்ல. பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்துக்கு ராமானுஜர் எழுதிய பாஷ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனவில் வரும் தேரையும் குதிரையையும் யார் படைப்பது என்பது கேள்வி. ஜீவன் அல்ல, ஈசுவரன் என்கிறார். அவர் தரும் காரணங்களில் ஒன்று கனவு நல்லதையும் கெட்டதையும் முன்கூட்டிச் சுட்டுகிறது, அது ஜீவனின் இஷ்டப்படி நடப்பதானால் கெட்ட கனவை யாராவது தனக்காகப் படைத்துக்கொள்வானா என்பது. சுட்டுவது பற்றியோ ஈசுவரனைப் பற்றியோ நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, அந்தக் கேள்வியின் கூர்மை குறையவில்லை. கனவு என் இஷ்டத்திலிருந்து வரவில்லை. எங்கிருந்து வருகிறது என்பதில் ராமானுஜருக்கு ஒரு பதில், இன்றைய மூளை ஆராய்ச்சிக்கு வேறு பதில். 'உங்க கனவு, நீங்கதான் டைரக்டர்' என்பது இரண்டின்படியும் தப்பு.

மயிலாப்பூருக்கே உரியவராக ஐதிகம் சொல்லும் வள்ளுவரிடமும் போகலாம். அவருக்குக் கோயில் அங்கேதான் இருக்கிறது. நூற்றிருபத்திரண்டாம் அதிகாரம் முழுக்கக் கனவு. பேசுகிறவள் பிரிந்திருக்கும் பெண். கனவு கனவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்தே அதற்கு நன்றி சொல்கிறாள். இரண்டாம் குறளில், தன் கண்கள் தூங்குமானால் கனவில் வரும் அவனிடம் தான் உயிரோடிருக்கும் விதத்தைச் சொல்வேன் என்கிறாள். படுக்கும் முன் ஒரு எண்ணத்தோடு படுப்பது, லாபெர்ஜ் சொல்வதும் இதைத்தான். இதனால் வள்ளுவருக்குத் தெளிகனவு தெரியும் என்று மாநாடு கூட்ட நான் வரவில்லை. அங்கே வரும் வினைச்சொல்லை மட்டும் காட்டுகிறேன்: இரத்தல். அவள் தன் கண்ணிடம் கெஞ்சுகிறாள். போய்ச் சொல்லப்போவது தன் சேதியை. அவன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பத்துக் குறளில் ஒன்றிலும் அவள் எழுதிவைக்கவில்லை.

கடைசியாக நம்மவர்கள். தி. நகர் பயிற்சியாளரைப் பார்த்து நம் கவிஞர் சிரிக்க உரிமை இல்லை. இருவரும் செய்வது ஒன்றே. 1922-ல் பாரிஸில் ராபர்ட் டெஸ்னோஸ் மயக்கத் தூக்கத்திலிருந்து பேசினார். 1924-ல் ப்ரெதோன் பிரகடனம் எழுதினார். அந்தச் சேதி நமக்கு வந்து சேர்ந்தபோது தூக்கமும் இல்லை, சோதனையும் இல்லை. பிரகடனம் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து கனவு என்பது நம்மிடம் ஒரு தள்ளுபடிச் சீட்டு. படிமங்கள் ஒட்டவில்லையா, கனவு. முடிவு வரவில்லையா, கனவு. மௌனியைப் படிக்கப் பொறுமையில்லாத விமர்சனமும் 'கனவுத்தன்மை' என்ற ஒற்றைச் சொல்லால் அவரைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறது.

இவர்களில் யாராவது மூன்று மாதம் கனவுக் குறிப்பு எழுதிப் பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். கனவில் பொருள்கள் மங்கலாக இருப்பதில்லை. டபராவின் விளிம்பில் இருக்கும் நசுங்கல் கூடத் தெரியும். விசித்திரமாக இருப்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. நம் கனவுக் கவிதைகளில் இது தலைகீழ். பொருள்கள் மங்கல்: நிழல், மௌனம், வெளி, சிறகு. வழியோ மாமூல்: ஏக்கத்தில் ஆரம்பித்து வெறுமையில் முடியும். இந்தக் கவிதைகளை இரண்டாம் முறை படித்தால் ஒரு எழுத்தும் மாறுவதில்லை, ஒரு அர்த்தமும் கூடுவதில்லை. சோதனைப்படி பார்த்தால் இவை கனவே அல்ல. முழு விழிப்பில், டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை.

வயதான தொடக்கக்காரன் இந்த விஷயத்தில் கவிஞனுக்குச் சொல்லித்தர முடியும். அவனுக்கு நேரம் குறைவு. பறந்து காட்டி யாரையும் அசத்த வேண்டியதில்லை. தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்கிறான். மூன்றரைக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், கண்டதைக் கண்ட வரிசையில் எழுதுகிறான். அர்த்தம் எழுதுவதில்லை. மறந்த இடத்தை இட்டு நிரப்பாமல் ஒரு கோடு போட்டு விடுகிறான். பிறகு ஒரே ஒரு எண்ணத்தோடு படுக்கிறான்: அடுத்ததில் யாராவது வந்தால், அவர் யார் என்பதும் அவர் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருக்கட்டும். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. நடக்கும் அன்று, வந்தவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது. கனவு என்ற சொல் வரும் கவிதையை அனுப்பினால், கூடவே அந்தக் கனவின் குறிப்பையும், கோடு போட்டு விட்ட இடங்களோடு, அனுப்பிவையுங்கள். ஆசிரியர் அதைப் பிரசுரிக்க வேண்டாம், படித்தால் போதும். குறிப்பு இல்லை என்றால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு அனுப்புங்கள். மிச்ச வரிகள் நிற்கின்றனவா என்று அப்போது பார்ப்போம்.